ஆபீஸ் முடிந்து வந்தும் அதே டெஸ்க்டாப்தானா?

கட்டெறும்பு:
எல்லோரும் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்களே என்று 2015-ல் வந்த ‘ஹெர் ஸ்டோரி’ என்ற கணினி விளையாட்டை நேற்று ராத்திரி திறந்தேன். பழைய போலீஸ் கணினித் திரை, ஒரு தேடல் பெட்டி, 1994-ல் ஒரு பெண்ணை விசாரித்த வீடியோத் துண்டுகள், அவ்வளவுதான். பகலெல்லாம் ஃபோல்டரைத் திறந்து மூடுகிறவன் ராத்திரியும் அதையே செய்யணுமா? அதிலும் அவள் பேசிய ஒரு சொல்லைத் தேடி 50 துண்டு சிக்கினாலும் முதல் 5-ஐத்தான் காட்டுமாம். ஒரு கதையை வெட்டி ஒளித்து வைத்துவிட்டு அதற்குப் புதிர் என்று பெயர்.

ராக்கோழி:
அந்த 5-தான் ஆட்டமே! திறந்ததும் பெட்டியில் ‘மர்டர்’ என்ற சொல் தயாராக இருக்கும், அதை எல்லோரும் தட்டுவோம், அதற்கப்புறம் உங்கள் பாடு. துண்டுகள் தேதி வரிசையில் வருவதால் பொதுவான சொல்லைப் போட்டால் ஆரம்ப விசாரணையே திரும்பத் திரும்ப வரும். கடைசி நாள் துண்டு வேண்டுமென்றால், அன்றைக்கு மட்டும் அவள் வாயில் என்ன சொல் வந்திருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஆபீஸில் யார் இப்படி யோசிக்கிறோம்?

கட்டெறும்பு:
யோசிக்கவே வேண்டாம் நண்பரே. குருட்டாம்போக்கில் ஏதோ தட்டினேன், அரை மணி நேரத்துக்குள் பெரிய முடிச்சே அவிழ்ந்து மடியில் விழுந்தது. எதைக் கண்டுபிடித்தேன் என்று மார் தட்டிக்கொள்வது?

பழையமௌஸ்:
கட்டெறும்பு சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அதனால்தான் எனக்கு ‘தி ரூட்ட்ரீஸ் ஆர் டெட்’ என்ற விளையாட்டு பிடிக்கும். 1998, டயல்-அப் இணையம், ஒரு மிட்டாய்க் கம்பெனிப் பணக்காரக் குடும்பத்தின் வம்ச மரத்தை நாம் நிரப்பணும். ஒவ்வொருவருக்கும் பெயர், படம், தொழில் மூன்றும் சரியாகப் பொருந்தணும், அப்படி மூன்று பேர் சேர்ந்தால்தான் ஆட்டம் ‘சரி’ என்று ஒத்துக்கொள்ளும். ஒரு பழைய குரூப் போட்டோவில் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்று மட்டும் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், நோட்டில் நாலு பக்கம் கிறுக்கல். குருட்டு அடியெல்லாம் அங்கே ரொம்ப தூரம் போகாது.

ராக்கோழி:
அது நல்ல ஆட்டம்தான், ஆனால் கணக்குப் போட்டு விடை சரிபார்க்கிற வகை. ‘ஹெர் ஸ்டோரி’யில் சரி, தப்பு என்று யாரும் சொல்வதில்லை, அவள் சொல்வதை நம்பலாமா என்பதுகூட உங்கள் தலைவலிதான். கட்டெறும்பு, ஒன்று கேட்கிறேன்: நடுநடுவே டியூப்லைட் மினுக்கும்போது திரைக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்ததே, யாருடையது என்று யோசித்தீர்களா? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நீங்கள் இல்லை. டெஸ்க்டாப் எதற்கு என்பதற்குப் பதிலே அதுதான்.

கட்டெறும்பு:
முகமா? கண் கூசுகிறதென்று அந்தக் கண்ணாடிப் பளபளப்பை முதல் அஞ்சு நிமிஷத்திலேயே அணைத்துவிட்டேனே.

பழையமௌஸ்:
😂 போங்க, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பிங்க.