இரை வாங்காத குஞ்சு: கையில் ஊட்டியவர்கள் எழுதுங்கள்

திருச்சி மாடிவீடு:

காக்டெய்ல் கிளிக் குஞ்சு, 22 நாள். ஊசி இறகு முளைத்து முள்ளம்பன்றி மாதிரி இருக்கும் பருவம், இங்கே எல்லோருக்கும் தெரியும். விற்றவர் என் கண் முன்னாலேயே சிரிஞ்சால் ஊட்டிக் காட்டினார். தலையை ஆட்டி ஆட்டி, சத்தம் போட்டு மடமடவென்று வாங்கியது. அதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. அட்டைப் பெட்டியில் வைத்து இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் கொண்டு வந்தேன். ஜன்னலோர சீட், வெளியே மழை.

வீட்டில் ஃபார்முலா, அதாவது குஞ்சுக்கு ஊட்டும் மாவு, கலந்து நீட்டினால் வாயே திறக்கவில்லை. புது இடம், பயந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி. அலகின் ஓரத்தில் சிரிஞ்சை வைத்தாலே தலையைத் திருப்பிக்கொண்டது. எப்படியோ இரண்டு மில்லி உள்ளே போயிருக்கும், மீதி கழுத்தில் வழிந்து காய்ந்து இறகெல்லாம் ஒட்டிக்கொண்டது. ராத்திரி பதினொரு மணிக்குள் ஐந்து தடவை முயன்றேன்.

மாமியார்தான் வந்து, "ஊட்டுறத விடும்மா, மொதல்ல அதக் கையில எடுத்துப் பாரு" என்றார். எடுத்தேன். இரண்டு காலும் உள்ளங்கையில் பட்டன. மழையில் நனைந்த கம்பியைத் தொட்ட மாதிரி ஜில்லென்று இருந்தன. அவ்வளவு நேரமும் நான் அலகை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், காலைத் தொடவே இல்லை. கழுத்தடியில் இருக்கும் இரைப்பை, விற்றவர் கொடுத்ததோடு அப்படியே தண்ணீர் பலூனாகத் தொங்கியது. குளிரில் உள்ளே எல்லாம் நின்றுபோயிருக்கிறது. நான் அதன் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பல்பு போட்டேன், துணி சுற்றினேன். விடிகாலை நாலு மணிக்குப் போய்விட்டது. நான்கு மாதம் ஆகிறது, அந்தக் கால் பட்ட இடம் எனக்கு இன்னும் தெரிகிறது.

புறாமாடம், மதுரை:

அக்கா, படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் ஓடவில்லை. என்னுடையது புறாக் குஞ்சு.

தாய்ப்புறாவை வைரிப் பருந்து அடித்துவிட்டது. ஆண் இரண்டு நாள் இரை கொடுத்தது, அப்புறம் மாடத்துக்கே வரவில்லை. குஞ்சுக்கு 8 நாள். கிளிக் குஞ்சுக்கு ஊட்டிப் பழகிய கை எனக்கு, அதே மாதிரி சிரிஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை. பக்கவாட்டில் நகத்தால் அலகைப் பிளந்து சொட்டுச் சொட்டாக விட்டேன். புறாக் குஞ்சின் அலகு அந்த வயதில் ரப்பர் மாதிரி இருக்கும், வளைந்துவிடுமோ என்று ஒவ்வொரு தடவையும் பயம். இரண்டு நாள் இப்படியே போனது. குஞ்சு மெலிந்துகொண்டே வந்தது.

மூன்றாம் நாள் காலை, சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு அதன் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் இருந்த சந்தில் அலகை நுழைத்தது. நுழைத்துவிட்டு மேலும் கீழும் இடித்தது. அப்படி ஒரு பலம் அந்தச் சின்ன உடம்பில் எங்கே இருந்ததோ! இரண்டு சின்ன இறக்கையும் படபடவென்று அடித்துக்கொண்டன. எனக்கு அப்போதுதான் புரிந்தது. புறாக் குஞ்சு வாயைப் பிளந்து வாங்குகிற சாதி இல்லை. தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டு உறிஞ்சுகிற சாதி. பதினைந்து வருடம் மாடத்தில் தினமும் பார்த்த காட்சி. பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

பெரிய சிரிஞ்சின் முனையை அறுத்தேன், அதன் மேல் பலூன் துண்டை இழுத்துக் கட்டி நடுவில் சின்னக் கீறல் போட்டேன். அலகை அந்தக் கீறலில் வைத்ததும் தானே குடித்தது. அந்தப் புறா இன்றைக்கு எட்டு ஜோடிக்குத் தகப்பன். ஆனால் அந்த இரண்டு நாள் அது வாயை மூடிக்கொண்டு என்ன கேட்டது என்று எனக்குத் தெரியாமல் போனதுதான் உறுத்துகிறது.

ஊசி இறகு:

மனம் நோகும் என்று தெரியும், ஆனாலும் சொல்லாமல் போக முடியவில்லை. திருச்சி சகோதரி அந்தக் குஞ்சை வாங்கியிருக்கவே கூடாது. தானாகத் தின்னப் பழகாத குஞ்சை விற்பதும் தவறு, வாங்குவதும் தவறு. கையில் ஊட்டினால்தான் நம்மிடம் ஒட்டும் என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. இரை தின்னப் பழகிய குஞ்சும் ஒரு மாதம் பொறுமையாக உட்கார்ந்து பேசினால் தோளுக்கு வந்துவிடும்.

என் கதை சின்னது. சன் கான்யூர் கிளிக் குஞ்சு, 5 வாரம். வாங்க மறுத்தது, நான் அவசரத்தில் அழுத்திவிட்டேன். வலது மூக்குத் துளையில் மஞ்சளாக ஒரு குமிழி வந்து உடைந்தது. இரை மூச்சுக்குழலுக்குள் போய்விட்டது. மூன்று நிமிடம்கூட உயிரோடு இல்லை.

அதனால்தான் இவ்வளவு கண்டிப்பாக எழுதுகிறேன். புதிதாக வருபவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். நாக்கின் பின்பக்கம், அது தொடங்கும் இடத்தில் தெரியும் சின்னப் பிளவு மூச்சுக்குழலின் வாய். உணவுக்குழல் பறவையின் வலது பக்கமாக இறங்குகிறது. அதனால் சிரிஞ்சைப் பறவையின் இடது பக்கத்தில் நுழைத்து வலது பக்கம் பார்க்கப் பிடிக்க வேண்டும். அது தலையை ஆட்டி வாங்கும்போது மட்டும் அழுத்துங்கள், அந்த ஆட்டத்தில் மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். ஆட்டம் நின்றால் உங்கள் விரலும் நிற்க வேண்டும். கலவையின் சூடு 39-லிருந்து 41 டிகிரிக்குள். கைக்கு இதமாக இருக்கிறது என்பதெல்லாம் கணக்கில்லை, தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஆறிப்போனதைப் பெரும்பாலான குஞ்சுகள் துப்பிவிடும், நாம் அதைப் பிடிவாதம் என்போம். அளவு, ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. 60 கிராம் குஞ்சுக்கு 6 மில்லி. தினமும் காலையில் இரை கொடுக்கும் முன் எடை பாருங்கள். சமையலறைத் தராசு போதும், ஆனால் ஒரு கிராம்வரை காட்ட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் ஒரு முறையாவது இரைப்பை முழுக்கக் காலியாக வேண்டும். காலியாகாதபோது மேலே ஊற்றினால் உள்ளே இருப்பது புளித்துவிடும். பழைய கலவையைச் சூடு பண்ணி மறுபடி கொடுக்காதீர்கள். பசும்பால் வேண்டவே வேண்டாம், கைக்குழந்தைக்கான பால் கலந்த மாவும் வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது.

பானைக்காரி, கோவை:

தம்பி, நீங்கள் சொன்ன அளவெல்லாம் சரிதான், எடுத்துக்கொள்கிறேன். ஆனால் குஞ்சைப் பறிகொடுத்து நான்கு மாதமாகத் தவிக்கிற பெண்ணிடம் முதல் வரியிலேயே "வாங்கியிருக்கவே கூடாது" என்று ஆரம்பிக்க வேண்டுமா? ஊட்டுகிற நிலைமைக்கு எல்லோரும் ஆசைப்பட்டு வருவதில்லை. எங்கள் வீட்டில் பட்ஜிதான், லவ் பேர்ட்ஸ் என்று எல்லோரும் சொல்வோமே அது. மண்பானையில் குஞ்சு பொரிக்கும். போன மாசியில் ஒரு தாய் பானையை விட்டு வெளியே வந்தது வந்ததுதான், உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. நாலு குஞ்சு. நான் யாரிடமும் வாங்கவில்லை, என் கையில் விழுந்தது.

மூன்று வாங்கிக்கொண்டன. கடைசிக் குஞ்சு, 6 நாள்தான் இருக்கும், ஒரு சொட்டுக்கூட உள்ளே விடவில்லை. பட்ஜிக் குஞ்சு அந்த வயதில் மல்லாந்து படுத்து வாங்கும், தாய் மேலிருந்து குனிந்து கொடுக்கும். அப்படியே மல்லாத்திப் பார்த்தேன், டீஸ்பூனின் ஓரத்தை மடக்கிப் பார்த்தேன். ம்ஹும்.

பக்கத்துப் பானையில் இன்னொரு ஜோடிக்கு அதே அளவில் இரண்டு குஞ்சு இருந்தது. சாயங்காலம் அந்தத் தாய் தண்ணீருக்கு வெளியே வந்த நேரம் பார்த்து இதை நடுவில் வைத்தேன். கொத்திப் போட்டுவிடுமோ என்று பயம், சில ஜோடி அப்படிச் செய்யும். ராத்திரி ஒன்பதரைக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். மூன்று உடம்பும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன, எது என்னுடையது என்று தெரியவில்லை. மூன்றின் கழுத்திலும் தோலுக்கு அடியில் தினை மணி வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. மூன்றிலும்! பானையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வேறு ஜோடி இருந்தால் முதலில் அதைப் பாருங்கள் என்பேன். வயது மட்டும் நெருங்கி இருக்க வேண்டும், பெரிய குஞ்சு சின்னதை மிதித்துவிடும்.

ஊசி இறகு:

அக்கா, கடுமையாக எழுதிவிட்டேன், திருச்சி சகோதரி மன்னிக்க வேண்டும். ஆனால் வாங்குவது பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. வாங்க ஆள் இருக்கும்வரை 15 நாள் குஞ்சையும் பெட்டியில் போட்டு விற்பார்கள்.

இரவுப் பணி:

சூடு பற்றித் தம்பி எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன், இதை நான் எங்கேயும் சொன்னதில்லை.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட், ஒரு மாதக் குஞ்சு. வேலை முடிந்து காலை ஆறரைக்கு வந்து, தூக்கக் கலக்கத்தில் மைக்ரோவேவில் சூடு பண்ணினேன். விரலை விட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. நான் விரல் விட்டது ஓரத்தில். மைக்ரோவேவ் சூடு ஒரே சீராக இருக்காது, நடுவில் கொதித்திருக்கும், கலக்காமல் உறிஞ்சிவிட்டேன். குஞ்சு ஆவலாக முழுதும் வாங்கியது. அடுத்த வேளையிலிருந்து வேண்டாம் என்று பின்னால் பின்னால் போனது. நாலைந்து நாள் திட்டிக்கொண்டே ஊட்டினேன். "என்னடா அடம் உனக்கு" என்று ஒரு தடவை குரலை உயர்த்தியும் இருக்கிறேன்.

ஆறாம் நாள் ஊட்டி முடித்துக் கீழே விட்டால் மார்பு நனைந்திருந்தது. துடைத்தேன், மறுபடி நனைந்தது. இறகை விலக்கிப் பார்த்தால் கழுத்தடியில் மிளகளவு ஓட்டை. அது வழியாக நான் இப்போது கொடுத்த இரை வெளியே வந்துகொண்டிருந்தது.

கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு உடனே தைக்கவில்லை. வெந்த தோல் எது, நல்ல தோல் எது என்று பிரிந்து தெரியட்டும் என்று சில நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லி, அப்புறம்தான் தைத்தார். பிழைத்துக்கொண்டது. இப்போது மூன்று வயது. இன்றுவரை சிரிஞ்சைக் கண்டால் கூண்டின் அந்தக் கோடிக்குப் போய்விடும். மருந்து கொடுப்பதற்குக்கூட எடுக்க முடியாது.

தென்னந்தோப்பு:

எல்லோரும் துயரமாக எழுதுகிறீர்கள், என்னுடையது அப்படியில்லை. காக்டெய்ல், 6 வாரம். ஒரே நாளில் பாதியாகக் குறைத்துவிட்டது. மறுநாள் சிரிஞ்சைத் தட்டிவிட்டது. எடையும் 5 கிராம் இறங்கிவிட்டது. நான் வேலைக்கு லீவு போட்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை துரத்தித் துரத்திப் பிடித்தேன். மத்தியானம் அலமாரி மேலிருந்து ஜன்னல் கம்பிவரை பறந்தது. முதல் பறப்பு! கீழே இறங்கி, கூண்டுக்கு வெளியே சிந்தியிருந்த தினையை ஒன்றொன்றாக உரித்துத் தின்றது. நான் சிரிஞ்சோடு நின்றுகொண்டிருந்தேன். பறக்கத் தொடங்கும் சமயத்தில் உடம்பைக் குறைத்துக்கொண்டு இரையை மறுப்பது அதன் வழக்கம் என்று பிறகு தெரிந்தது. காலையும் ராத்திரியும் மட்டும் கொடுத்து, நடுவில் தினையும் கீரையும் தட்டில் வைத்தேன், மூன்று வாரத்தில் முழுக்கப் பழகிவிட்டது.

இன்னொன்று. போன வருடம் தோப்பில் பட்ட தென்னையை வெட்டியபோது பொந்திலிருந்து இரண்டு பச்சைக்கிளிக் குஞ்சு விழுந்தன. பையன் வளர்க்கலாம் என்று அழுதான். நம் ஊர்ப் பச்சைக்கிளியை வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை சூடாக மட்டும் வைத்திருந்தோம். அவை என்னிடம் எதுவும் வாங்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

புறாமாடம், மதுரை:

தோப்பு அண்ணே, இனிமேல் பட்ட மரத்தை மாசி, பங்குனியில் வெட்டாமல் இருந்தால் நல்லது. கிளி முட்டை வைக்கிற காலம் அதுதான். ஆடியில் வெட்டுங்கள். கேட்காமல் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

திருச்சி மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. ஊசி இறகு சகோதரர் சொன்னது உண்மைதான், கோபமில்லை.

இன்று எழுத வந்தது வேறு காரணத்துக்கு. கீழ்வீட்டுப் பையன் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு பட்ஜிக் குஞ்சைக் கொண்டு வந்தான். 12 நாள் இருக்கும் என்கிறான், பானை உடைந்து தாய் பயந்து விலகிவிட்டதாம். வேறு ஜோடி அவர்களிடம் இல்லை. அலகை அழுத்தமாக மூடியிருக்கிறது. முதலில் காலைத் தொட்டேன், ஜில்லென்றிருந்தது. எதுவும் கொடுக்கவில்லை. பெட்டியில் பல்பு போட்டு, ஓரத்தில் தெர்மாமீட்டர் வைத்து 33 டிகிரியில் நிறுத்தியிருக்கிறேன். இப்போது காலில் கொஞ்சம் சூடு தெரிகிறது. இரைப்பை காலி, தட்டையாக இருக்கிறது. அடுத்து எப்போது, ராத்திரி எத்தனை தடவை?

பானைக்காரி, கோவை:

கால் உன் கையைவிட வெதுவெதுப்பாக ஆகட்டும். அப்புறம் முதல் வேளை வெறும் தண்ணீர் மாதிரி தளர்வாகக் கலந்து ஒரு மில்லி, அதற்கு மேல் வேண்டாம். அது இறங்கியதும் கொஞ்சம் கெட்டியாக. பன்னிரண்டு மணிக்கு ஒரு தடவை, விடிகாலை ஐந்தரைக்கு ஒரு தடவை, நடுவில் எழுப்பாதே. வாய் திறக்கவில்லை என்றால் அலகின் இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் லேசாகத் தொடு, தாய் தொடுகிற இடம் அதுதான்.

நான் விழித்துத்தான் இருப்பேன், எழுது.