சபையா, திருச்சபையா? ஒரு "திரு"வால் என்ன மாறிவிடும்?

பொறையாறு லுத்தரன்:
மத்தேயு 16:18 பழைய தமிழ் வேத மொழிபெயர்ப்பில் "இந்தக் கல்லின்மேல் என் சபையைக் கட்டுவேன்". 1995-ல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அதுவே "திருச்சபை". கிரேக்கத்தில் எக்ளேசியா, அதாவது கூட்டம். அப்போஸ்தலர் 19-ல் பவுலுக்கு எதிராக எபேசு அரங்கத்தில் கூச்சல் போட்டார்களே, அந்தக் கூட்டத்துக்கும் இதே சொல்தான். சபை என்றால் பாயில் உட்கார்ந்திருக்கிற நாம். திருச்சபை என்றதும் மனசு பேராயர் அலுவலகத்துக்குப் போய்விடுகிறது. 1526-ல் புதிய ஏற்பாட்டை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த டிண்டேல் அந்தச் சொல்லுக்கு "காங்கிரிகேஷன்" (கூட்டம்) என்று போட்டதற்கே கத்தோலிக்க அறிஞர் தாமஸ் மோர் கொதித்தார். 1611 ஆங்கில பைபிளுக்கு இங்கிலாந்தின் ஜேம்ஸ் அரசர் தரப்பு வைத்த விதிகளில் ஒன்று, "சர்ச்" என்பதை மாற்றக் கூடாது என்பது. அரசருக்கு அந்தச் சொல்லின் பலம் தெரிந்திருந்தது.

வேளாங்கண்ணி வாசகன்:
அண்ணே, திருவாரூர், திருவையாறு, திருவிடைமருதூர் என்று ஊருக்கெல்லாம் திரு போட்ட மண் இது. அது அங்கே குடியிருக்கிற தெய்வத்துக்கான மரியாதை, அதிகாரம் இல்லை. அப்புறம், சபை மட்டும் எல்லோருக்குமான சொல்லா? சோழர் கல்வெட்டுகளில் பிரமதேயத்து, அதாவது தானமாகப் பெற்ற ஊரின், பார்ப்பனர் கூடினால்தான் சபை, வெள்ளாளர் கூடினால் "ஊர்". திருவிவிலியத்தில் கத்தோலிக்கரும் மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்திருக்கிறார்கள். அதைப் பேராயர் அலுவலகத்தோடு முடிச்சுப் போடாதீர்கள்.

பொறையாறு லுத்தரன்:
கல்வெட்டை நான் யோசிக்கவில்லை தம்பி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1715-ல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சானதே, குருவானவர் சொல்லித்தான் தெரியணும் என்கிற நிலை போகத்தானே?

தஞ்சாவூர் மருமகள்:
நீங்கள் ரெண்டு பேரும் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். எங்கள் கோயிலில் கூரை மாற்ற வசூலித்த பணத்துக்குக் கணக்குக் கேட்டேன். மூப்பர் ஒருவர் எழுந்து எபிரெயர் 13:17-ஐ வாசித்தார், "கீழ்ப்படிந்து அடங்குங்கள்" என்று. கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். கூட்டம் முடிந்தது. "அடங்கு" என்று எழுதிவிட்டால் ஒரு பெண் எப்படி வாய் திறப்பாள்? அங்கே வருகிற பெய்தெஸ்தே என்ற கிரேக்கச் சொல்லின் வேரே இணங்கவைப்பதுதான் என்கிறார்கள்.

வேளாங்கண்ணி வாசகன்:
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் பழியை மொழிபெயர்ப்பில் போட முடியாது. அதே வசனத்தில் அடுத்து வருகிற கிரேக்கச் சொல்லுக்கே விட்டுக்கொடு, பணி என்றுதான் பொருள். அந்த மூப்பர் பாதி வேதத்தை மட்டும் வாசித்திருக்கிறார். 2 கொரிந்தியர் 8:20, 21 பாருங்கள். தர்மப்பணத்தில் யாரும் தன்னைக் குறைசொல்லக் கூடாது என்று பவுலே கவனமாக இருக்கிறார். அப்போஸ்தலனுக்கே அந்தப் பயம் இருந்தது.

தஞ்சாவூர் மருமகள்:
இதை யாரும் எனக்குக் காட்டவில்லை தம்பி. அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து வாசிக்கிறேன். பழையதிலிருந்துதான். ரேனியஸ் என்ற மிஷனரி திருத்த வந்தபோது, பப்ரீசியஸ் மொழிபெயர்த்த தமிழ் வேதத்துக்காகக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் மல்லுக்கு நின்ற ஊர் இது. புதுசைத் தூக்கிக்கொண்டு போனால் பேச்சு அதிலேயே போய்விடும்.

பொறையாறு லுத்தரன்:
வாசிங்க தங்கச்சி. நோட்டீசில் "சபைக் கூட்டம்" என்றே போடச் சொல்லுங்கள். அதில் நான் இறங்கிவர மாட்டேன்.