கண்ணுக்குக் கண், கடிக்குக் கடி: எங்க குடும்பக் குழுவில் ஒரு ராத்திரி

பிரபு, 8:41
(ஃபார்வர்டு) ஆசிட் வீசினவனுக்கு ஜெயில்ல சோறு எதுக்கு? அதே ஆசிட்டை அவன் மூஞ்சியில ஊத்து! ஒத்துக்கிறவங்க பகிரவும்.

செல்வி அத்தை, 8:43
நூத்துக்கு நூறு சரி. பெத்தவ வயிறு எரியுறது வக்கீலுக்கு எங்க தெரியப்போகுது.

நான், 8:44
ஊத்துறது யாரு அத்தை?

செல்வி அத்தை, 8:44
யாரோ ஒருத்தன். அதுக்குன்னு ஆள் போடுவாங்க.

நான், 8:45
அந்த ஆள் காலைல ஒருத்தன் கண்ணுல ஆசிட் விட்டுட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தரணும்.

பிரபு, 8:46
தூக்குல போடுறவரும் வீட்டுக்குத்தானே போறாரு?

நான், 8:47
சரி, அது நல்ல அடிதான்.

நான், 8:50
ஆனா இது நிஜமாவே நடக்க இருந்துச்சு. ஈரான்ல ஆமினே பஹ்ராமின்னு ஒரு பொண்ணு. கல்யாணத்துக்கு மாட்டேன்னு சொன்னதுக்கு 2004ல ஒருத்தன் ஆசிட் வீசிட்டான். ரெண்டு கண்ணும் போச்சு. அவன் கண்ணுலயும் ஆசிட் விடணும்னு 2008ல கோர்ட்டு தீர்ப்பு. 2011 ஜூலைல ஆஸ்பத்திரியில எல்லாம் தயார். கடைசி நேரத்துல அந்தப் பொண்ணே வேணாம்னு சொல்லிட்டாங்க.

பிரபு, 8:51
அப்ப அத்தனை வருஷம் கேட்டுருக்காங்கல்ல!

செல்வி அத்தை, 8:53
நித்யா கண்ணு, அவ மன்னிச்சா அது அவ பெருந்தன்மை. கேக்குற உரிமை கையில இருந்துச்சு, அதனாலதான் விட்டுக்கொடுக்க முடிஞ்சுது. மன்னிக்கணும்னு நீயும் நானும் சோபாவுல உக்காந்துட்டு சொல்லக்கூடாது.

நான், 8:56
இதுக்கு என்கிட்ட பதில் இல்ல அத்தை.

பெரியப்பா, 9:02
இப்பதான் பாத்தேன். கண்ணுக்குக் கண்ணுங்கிறது பழி வாங்கச் சொன்ன பேச்சுன்னு நினைக்கிறோம். முதல்ல அது ஒரு வரம்பாவும் இருந்துச்சு. ஒரு கண்ணுக்குப் பதிலா ஒரு குடும்பத்தையே வெட்டிப் போடாதே, ஒரு கண்ணோட நிறுத்துன்னு. ஆனா ஹமுராபி கல்வெட்டைப் படிச்சா அந்த அளவும் ஒழுங்கா இல்ல. ஹமுராபி பாபிலோன் ராஜா, ஏறக்குறைய 3,750 வருஷம் முன்னாடி. பெரிய மனுஷன் கண்ணை இன்னொரு பெரிய மனுஷன் பறிச்சா கண்ணுக்குக் கண். சாமானியன் கண்ணைப் பறிச்சா ஒரு மினா வெள்ளி, அரைக் கிலோ வரும். அடிமை கண்ணுன்னா அவன் விலையில பாதி.

பிரபு, 9:03
ரேட் கார்டு!

பெரியப்பா, 9:05
இன்னும் கேளு. கொத்தனார் கட்டின வீடு இடிஞ்சு வீட்டுக்காரர் மகன் செத்தா, கொத்தனார் மகனைக் கொல்லணும். கொத்தனாரை இல்ல. மகனை.

செல்வி அத்தை, 9:06
ஐயோ. அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு.

பிரபு, 9:08
மனுநீதிச் சோழன் மட்டும் என்னவாம் பெரிய மாமா? கன்னுக்குட்டிக்காக மகன் மேலயே தேரை ஏத்தினாருல்ல. அதைப் பெருமையாத்தானே சொல்றோம்?

பெரியப்பா, 9:10
அங்க தேரை ஓட்டினதே அந்தப் பிள்ளைதான். ஆனா தெரியாம நடந்தது. பசு பட்ட வேதனையைத் தானும் படணும்னு ராஜா நினைச்சார். இன்னொருத்தன் வீட்டுப் பிள்ளை மேல ஏத்தியிருந்தா இந்தக் கதையைச் சொல்லிட்டு இருப்போமா?

நான், 9:11
அதோட கடைசியில கடவுள் வந்து கன்னையும் எழுப்பினார், மகனையும் எழுப்பினார். தப்பான ஆளுக்கு ஆசிட் ஊத்திட்டா எழுப்ப யார் வருவா?

பிரபு, 9:12
சரி, நூறு சதவீதம் நிரூபணம் ஆனவனுக்கு மட்டும்.

பெரியப்பா, 9:14
சரி, ஆளைப் பிடிச்சாச்சு. அப்புறமும் அளவு பிரச்னை. ஒத்தைக் கண்ணன் கண்ணைப் பறிச்சா பதிலுக்கு ஒண்ணா, ரெண்டா? ரெண்டுன்னு கிரேக்கத்துல சோலோன் சட்டம் போட்டதா சொல்வாங்க. பிடுங்கினவனே ஒத்தைக் கண்ணன்னா? இதுக்கு முடிவே கிடையாது.

அப்பா, 9:17
இந்த வீட்டுலயே அந்தச் சட்டம் இருந்துச்சே. அக்கா, ஞாபகம் இருக்கா?

செல்வி அத்தை, 9:17
ஆரம்பிச்சிட்டான்.

அப்பா, 9:21
எனக்கு அஞ்சு வயசு, அக்காவுக்கு எட்டு. பென்சில் சண்டையில நான் அக்கா கையைக் கடிச்சிட்டேன். அம்மா வந்து என் கையைப் பிடிச்சு நீட்டி, "நீயும் கடிடி, கணக்கு சரியாகட்டும்"னாங்க. நான் கண்ணை இறுக்கி மூடிட்டேன். முதல்ல எச்சில் சூடு மட்டும்தான் தெரிஞ்சுது. அப்புறம் ரத்தம்.

செல்வி அத்தை, 9:22
நீயும் அதே அளவுதான் கடிச்ச!

அப்பா, 9:23
என்கிட்ட இருந்தது பால் பல்லு!! உனக்கு முன்பல் ரெண்டும் புதுசு, கத்தி மாதிரி.

பிரபு, 9:24
ஹாஹாஹா அம்மா, அப்ப மாமாவுக்கு இன்னும் கால்வாசிக் கடி பாக்கி இருக்கு

பெரியப்பா, 9:25
அன்னிக்கு ராத்திரி அம்மா சாப்பிடல. அது எனக்குத் தெரியும்.

செல்வி அத்தை, 9:27
அண்ணே, இதை யாரும் என்கிட்ட சொன்னதே இல்லையே.

அப்பா, 9:31
(புகைப்படம்) இந்தா சாட்சி. தழும்பு இன்னும் போகல.

செல்வி அத்தை, 9:33
டேய், இது இடது கை.

செல்வி அத்தை, 9:33
நான் கடிச்சது வலது கைடா. இது நீ சைக்கிள்ல விழுந்தது.

அப்பா, 9:36
இந்தச் செய்தி நீக்கப்பட்டது