புதுப்பிப்பு: புரண்டு படுத்தால் வந்த தலைசுற்றல் நின்றது

67 வயது, படுக்கையில் வலப்பக்கம் திரும்பினால் அறையே சுழல்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கழுத்து எலும்புத் தேய்மானம் என்று பலர் சொன்னீர்கள், அது இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ‘எப்ளி’ என்கிற, தலையைத் திருப்பிச் செய்யும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள் என்றவர் சொன்னதுதான் சரி. மருத்துவர் என் தலையைத் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து, கருவிழி துடிப்பதைப் பார்த்தே சொல்லிவிட்டார்: உள்காதின் சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி, தலை அசைவை உணரும் அரைவட்டக் குழாய்க்குள் புகுந்திருக்கின்றன. ஸ்கேன் எடுக்கவில்லை. அப்புறம் தலையைப் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம்போல நிறுத்தி, துகள்களைப் பழைய இடத்துக்கே உருட்டிவிட்டார். அதுதான் எப்ளி. செய்யும்போது சுற்றல் பயங்கரம். துணைக்கு ஆள் கூட்டிப் போங்கள்.

எதிர்பாராதது ஒன்று. சுழற்சி அன்றே போனாலும் மிதப்பது மாதிரி ஒரு தள்ளாட்டம் சில நாள் இருந்தது. சகஜமாம். வைட்டமின் டி குறைந்தால் திரும்ப வரலாம் என்று ரத்தப் பரிசோதனையும் எழுதினார். குறைவுதான், மாத்திரை போடுகிறேன்.

பேச்சுக் குழறலோ கை கால் பலவீனமோ சேர்ந்து வந்தால் எப்ளிக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.