ஏஜென்ட் இல்லாமல் குடும்பத்தோடு ஷெங்கன் விசா எடுத்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். மே விடுமுறையில் பாரிசில் ஏழு நாள், சுவிட்சர்லாந்தில் நான்கு நாள் என்று திட்டம். நான், மனைவி, ஒன்பது வயது மகன், அம்மா. ஷெங்கன் விசா ஒன்று இருந்தால் இந்த இரண்டு ஐரோப்பிய நாடுகளுக்கும் போகலாம்; அதிக நாள் தங்குவது பிரான்சில் என்பதால் அந்த நாட்டு விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதுவரை தெளிவு.

ஏஜென்ட் ஒருவர் ஆளுக்கு எட்டாயிரம் கேட்டார். பெரியவர்களுக்கு 90 யூரோ, மகனுக்கு 45 யூரோ விசா கட்டணம் அது தனி. ஃபைல் அடுக்கித் தர இவ்வளவா என்று நானே இறங்கிவிட்டேன். 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு, வருமான வரித் தாக்கல், விடுப்புக் கடிதம் எல்லாம் தயார்.

சிக்கல் பெயரில்தான். என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. என் பெயர், அப்பா பெயர் இரண்டும் கிவன் நேமில் ஒன்றாகக் கிடக்கின்றன. மகனுக்கோ என் பெயர்தான் சர்நேம். மனைவி பாஸ்போர்ட்டில் இன்னும் மாமனார் பெயர். மூன்று பேரும் ஒரே குடும்பம் என்று பார்ப்பவர் நம்ப வேண்டுமே! நம்மூர்க்காரர்கள் பலருக்கும் இதே கதைதானே, படிவத்தில் சர்நேம் இடத்தில் என்ன போட்டீர்கள்?

அடுத்து அம்மா. குடும்ப ஓய்வூதியம் மட்டுமே வருமானம். செலவு என்னுடையது என்று நான் எழுதிக் கொடுக்கும் கடிதம் போதுமா, நோட்டரி கையெழுத்தும் வேண்டுமா?

அப்புறம், விமான டிக்கெட்டைப் பணம் கட்டியே எடுத்தீர்களா, முன்பதிவுத் தாள் மட்டும் வைத்தீர்களா? 12 வயதுக்குள் கைரேகை கிடையாது என்றாலும் மகனை நேரில் அழைத்துப் போக வேண்டியிருந்ததா? அவனுக்குப் பரீட்சை நேரம்.

சென்னையில் அண்மையில் விண்ணப்பித்தவர்கள் சொன்னால் நல்லது.