குழந்தை திடீரென்று இறந்த வீட்டுக்கு ஏன் பொலிஸ் வருகிறது? (இங்கிலாந்து)

ஹரோ மாமா:
வணக்கம். என் தங்கச்சியின் மகன், நாலு மாதம், சனிக்கிழமை விடிய எழும்பவில்லை. அம்புலன்ஸ் வந்தும் காப்பாற்ற முடியவில்லை. அன்று பின்னேரமே ஒரு பொலிஸும் ஒரு நேர்ஸும் வீட்டுக்கு வந்து, விரிப்பையும் பால் போத்தலையும் எடுத்துக்கொண்டு, தலை எந்தப் பக்கம் இருந்தது, ஹீட்டர் போட்டதா, யாராவது மது குடித்ததா என்றெல்லாம் கேட்டார்கள். "என்ர பிள்ளையைக் கொலைகாரி மாதிரிக் கேட்கினம்" என்று எங்கள் அம்மா ஒரே அழுகை. பிள்ளை அன்று தாய் தகப்பனோடு ஒரே கட்டிலில்தான் படுத்தது. தொட்டிலில் படுத்தது என்று சொல்லச் சொல்கிறார்கள் சில சொந்தக்காரர். என்ன செய்வது? உடம்பை எப்போது தருவார்கள்?

நைட் ஷிப்ட்:
முதலில் அந்தத் தொட்டில் கதையை விடுங்கள். நான் அவசரப் பிரிவில் நர்ஸ். 18 வயதுக்குக் கீழே, முந்தின 24 மணி நேரத்தில் யாரும் எதிர்பார்க்காத மரணம் என்றால் ஆஸ்பத்திரி, போலீஸ், சோஷியல் கேர் (பிள்ளைகள் நலத்தைக் கவனிக்கும் துறை) மூன்றும் சேர்ந்துதான் விசாரிக்கும், பணக்காரர் வீடானாலும் இதேதான். காரணம் தெரியாத தொட்டில் மரணமும் (குழந்தை தூக்கத்தில் திடீரென்று இறப்பது) தற்செயலாக மூச்சு முட்டியதும் பிரேதப் பரிசோதனையில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும், அதனால் எப்படிப் படுத்திருந்தது என்பதை வைத்துத்தான் டாக்டரால் எதையாவது சொல்ல முடியும். சேர்ந்து படுப்பது குற்றமில்லை. ஆனால் அம்புலன்ஸ்காரர் எழுதியதும் நீங்கள் சொல்வதும் முரண்பட்டால் இல்லாத சந்தேகம் அங்கேதான் முளைக்கும்.

பழைய லண்டன்:
இதற்கு ஒரு வரலாறு உண்டு. சாலி கிளார்க் என்ற சொலிசிட்டர், இரண்டு ஆண் குழந்தைகளைக் கொன்றதாக 1999-இல் தண்டிக்கப்பட்டார். ஒரே வீட்டில் இப்படி இரண்டு மரணம் நடக்க 7.3 கோடியில் ஒரு வாய்ப்புதான் என்று ஒரு பேராசிரியர் சாட்சி சொன்னார், அந்தக் கணக்கே பிழை. 2003-இல் விடுதலையானார், 2007-இல் இறந்தும் போனார். அதே 2003-இல் த்ருப்தி பட்டேல், ஏஞ்சலா கேனிங்ஸ் என்று இன்னும் இரண்டு தாய்மார் விடுதலை. அதன் பிறகுதான் ஹெலனா கென்னடி என்ற வழக்கறிஞர் தலைமையில் 2004-இல் இப்படிப்பட்ட மரணங்களை விசாரிக்கும் நெறிமுறை வந்தது, 2016-இல் திருத்தினார்கள். பொலிஸ் தனியாக வராமல் மருத்துவத் தரப்பில் ஒருவரோடு வருவது அதனால்தான். என்னைக் கேட்டால் அது பெற்றோருக்கும் பாதுகாப்பு.

வாணி:
எங்கள் குடும்பத்திலும் நடந்தது, அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். பிரேதப் பரிசோதனை கொரோனர் (மரண விசாரணை அதிகாரி) உத்தரவு, உங்கள் சம்மதம் கேட்க மாட்டார்கள். முடிவு வர மாதங்கள் ஆகும், ஆனால் உடம்பைத் தர பெரும்பாலும் அதுவரை காத்திருப்பதில்லை. அடக்கம் சீக்கிரம் செய்ய வேண்டும் என்று கொரோனர் அலுவலகத்தில் இன்றைக்கே சொல்லுங்கள். எடுத்த திசுக்களைத் திருப்பித் தருவதா என்று ஒரு படிவத்தில் கேட்பார்கள், பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். குடும்பத்துக்கென்று ஒரே ஒரு தொடர்பாளர் இருக்க வேண்டும், பெயரைக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்க்க நீங்கள் போகாதீர்கள், மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், அண்ணன் முன்னால் எந்தப் பெண்ணும் எல்லாவற்றையும் சொல்ல மாட்டாள். அடக்கச் செலவுக்கு அரசு நிதி உண்டு. அப்புறம், தங்கச்சிக்குப் பால் கட்டி வலிக்கும், மிட்வைஃபிடம் சொல்லுங்கள். இதை யாரும் நினைப்பதில்லை.

ஹரோ மாமா:
நன்றி. உள்ளதைச் சொல்லச் சொல்லிவிட்டேன். தங்கச்சியின் மூத்த மகளைப் பிரித்துவிடுவார்களா என்றுதான் இப்போது பயம்.

நைட் ஷிப்ட்:
அவளைப் பற்றியும் கேட்பார்கள், பார்க்கவும் வருவார்கள். பிள்ளை இறந்தது என்பதற்காக மட்டும் யாரும் பிரிப்பதில்லை. குழந்தையை இழந்த குடும்பங்களுக்கு உதவும் லல்லபை டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்புக்குப் போன் போடுங்கள், பாட்டி தாத்தாவோடும் பேசுவார்கள்.