பி.எஸ்.ஏ. எம்20 பைக்: ஆயில் டாங்குக்குத் திரும்ப மாட்டேங்குது, உதவி வேணும்

பர்மா, மோல்மேனிலிருந்து கேள்வி:
அண்ணன்மாரே, எங்க வீட்டில் தாத்தா வாங்கின எம்20 இருக்கு. ரெண்டாம் உலகச் சண்டைக் காலத்துப் பட்டாள வண்டி, 496 சிசி, சைடு வால்வு. மழைக்காலம் முழுக்கக் கொட்டகையில நின்னுச்சு. தீபாவளிக்கு எடுக்கலாம்னு உதைச்சேன். உடனே ஸ்டார்ட் ஆச்சு, ஆனா தெருவையே மறைக்கிற நீலப் புகை. பிரீதர் (எஞ்சின் காத்து வெளியேறுற குழாய்) வழியா ஆயில் கொட்டுது, டாங்கில் பாதியைக் காணோம். மெக்கானிக் ஒருத்தர் பிஸ்டன் ரிங் போச்சு, சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ணணும்ங்கிறார். அப்பா கைப்பட பூட்டின எஞ்சின். காரணம் தெரியாம பிரிக்க மனசு வரலை.

தட்டோனிலிருந்து பதில்:
தம்பி, போர் வேண்டாம், பொறு. இந்த எஞ்சின்ல ஆயில் தனி டாங்கில் இருக்கும். பம்புல ரெண்டு ஜோடிப் பல்சக்கரம்: ஒண்ணு கிராங்குக்கு அனுப்பும், பெரிசு அடியில தேங்கினதை உறிஞ்சி டாங்குக்கே ஏத்தும். மாசக்கணக்கா நின்னா டாங்கு ஆயில் பம்பு வழியாக் கசிஞ்சு எஞ்சின் அடியில இருக்கிற கிராங்க்கேஸ்ல இறங்கிடும். அது மட்டும்தான்னா, ஸ்டார்ட் பண்ணினதும் ஆயில் டாங்குக்குத் திரும்புற ரிட்டர்ன் குழாய்ல தாரையா வந்து, ரெண்டு மூணு நிமிஷத்துல நுரையோட விட்டுவிட்டு வரணும். டாங்கு மூடியைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தியா?

மோல்மேன்:
பார்த்தேன் அண்ணே. ஒரு சொட்டு வரலை.

தட்டோன்:
அப்போ இனி உதைக்காதே. அடித்தட்டைக் கழற்றி ஆயிலை வடி. அங்கே இருக்கிற வடிகட்டி வலையைக் கழுவு. மேலே உறிஞ்சு குழாய் தெரியும், அதுக்குள்ள ஒரு இரும்புக் குண்டு இருக்கு. பழைய ஆயில் பிசினாகி அது இருக்கையோட ஒட்டிக்கிட்டா பம்பு எவ்வளவு இழுத்தாலும் ஆயில் ஏறாது. மெல்லிய செம்புக் கம்பியால கீழிருந்து தள்ளு. விட்டதும் ‘டிக்’னு விழணும்.

ரங்கூனிலிருந்து பதில்:
இங்கே ஊருக்குள்ள பைக் ஓட்டத் தடை, அதனால என் வண்டி நிக்கிற நாள்தான் அதிகம். கசிவு எனக்குப் பழகின தொல்லை. பம்பைக் கழற்றினா, கண்ணாடி மேல 600 நம்பர் உப்புத்தாளை விரிச்சு, ஆயில் விட்டு, பம்பு முகத்தை (எஞ்சினோட ஒட்டுற தட்டைப் பக்கத்தை) எட்டு போடுற மாதிரி தேய்ங்க. போல்ட்டை அளவுக்கு மேல முறுக்கினா பம்பு உடம்பு வளையும், சக்கரம் பிடிக்கும். கசிவை நிறுத்த டாங்குக்கு மூடித் திறக்கிற டேப் (திருகு குழாய்) போடச் சொல்வாங்க, போடாதீங்க. ஒரு நாள் திறக்க மறந்தா எஞ்சின் ஜாம். கிராங்குக்குப் போற வழியில ஸ்பிரிங்கோட இன்னொரு குண்டு உண்டு, அதையும் துடைச்சுப் பாருங்க.

மோல்மேன்:
அண்ணே, வலை மேல தார் மாதிரி அப்பியிருந்துச்சு, நடுவுல பழைய கேஸ்கெட் நார். குண்டு முதல்ல அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊத்தி ராத்திரி விட்டு, காலைல கம்பியை விட்டதும் ‘டிக்’! புது ஆயில் 40 கிரேடு ஊத்தினேன். உதைச்சு அரை நிமிஷத்துல ரிட்டர்ன் கொப்புளிச்சுது. புகை கால் மணிநேரத்துல அடங்கிடுச்சு. அம்மாவைக் கூப்பிட்டு டாங்குக்குள்ளே காட்டினேன். பம்பைப் பிரிக்கலாமா?

தட்டோன்:
இப்போ வேண்டாம். டாங்கில் மட்டத்தைக் குறிச்சு வெச்சு ஒரு வாரம் நிறுத்திப் பாரு. விரலளவு இறங்கினா விட்டுடு, பாதி இறங்கினா பம்பு முகத்தைத் தேய்க்கலாம். மழைக்கு நிறுத்தினா, அடுத்த தடவை உதைக்கும் முன்னே அடியை வடிச்சுடு.